நோட்டீஸ் பலகையும் 30 நாளும்

நேயர்களுக்கு வணக்கம். அடுப்படியில் இருந்துகொண்டு, தறி ஓட்டிக்கொண்டு, வண்டியில் போய்க்கொண்டு கேட்கிறவர்களே நிறைய இருப்பீர்கள், அதனால் பிரிவு எண்களை அடுக்கி உங்களைச் சலிக்க வைக்க மாட்டேன். நான் 31 வருஷம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்த ஆவண எழுத்தர். கிரயம், பாகப்பிரிவினை, தானசெட்டில்மென்ட் என்று எழுதிய பத்திரங்களுக்குக் கணக்கில்லை, ஆனாலும் இன்றைக்கும் தூக்கத்தில் வருவது ஒரு கல்யாண நோட்டீஸ்தான். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அதற்கு முன்னால் நம் பக்கத்துக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊரில் ஓர் அருமைக்காரர் இருந்தார். கல்யாணச் சடங்கை முன்நின்று நடத்திவைக்கிற, அதற்கென்று சீர் செய்துகொண்ட பெரியவர், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அவர் வந்து உட்கார்ந்தால்தான் பந்தலுக்கே களை வரும். நாட்டார் கல்லுக்கு வைத்து வணங்கி, இணைச்சீர் செய்து, மங்கல வாழ்த்துப் பாடி முடிகிற வரைக்கும் எல்லாம் அவர் கண் அசைவில்தான் நடக்கும். எங்கள் அம்முச்சி, அம்மாவைப் பெற்றவர், சொல்வார், "அருமைக்காரர் கை பட்டா அது கல்யாணம், அதுக்கு மேல எந்த அதிகாரி கேட்கணும்?" என்று. 1955இல் வந்த இந்துத் திருமணச் சட்டமும் அதையேதான் ஏற்றுக்கொண்டது. மணமக்களில் ஒருவர் வழக்கப்படியான சடங்கு போதும் என்றது. உங்கள் சடங்கு எது, யார் நடத்தினார் என்று அரசாங்கம் வந்து மாற்றவில்லை. இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் எடுக்க மாட்டோம், அண்ணன் தங்கை முறை ஆகிவிடும். வெறுமனே ஒரே கூட்டம் என்பதற்காகச் சட்டம் எந்தக் கல்யாணத்தையும் தடுக்காது, ஆனால் நீங்கள் அந்த வழக்கத்தைக் காப்பதையும் அது தடுக்கவில்லை. அரசாங்கம் ஒதுங்கி நிற்க வேண்டிய இடத்தில் ஒதுங்கித்தான் நிற்கிறது.

சரி, இதெல்லாம் இரண்டு பேரும் ஒரே மதத்தில் இருக்கும்போது. வேறு வேறு மதம் என்றால்? இரண்டு பேரும் அவரவர் சாமியை விடாமல் கல்யாணம் செய்துகொள்ளத்தான் 1954இல் சிறப்புத் திருமணச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், அதன் நோக்கத்துக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அதற்குள் ஒரு முள் இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், அப்புறம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அந்த நோட்டீஸை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவார்கள், அதற்கப்புறம் 30 நாள் காத்திருக்க வேண்டும். பெண்ணோ பையனோ நிரந்தரமாக வேறு மாவட்டத்துக்காரர் என்றால், அந்த ஊர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போய் அங்கேயும் ஒட்டப்படும். பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் அதில் இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, முஸ்லிம் பெண், சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். பையன் காங்கேயத்துக்காரன், பவர் டேபிள் டெய்லர், இந்து. இரண்டு பேரும் மேஜர். "நான் மாற மாட்டேனுங்கய்யா, அவரும் மாற வேண்டாமுங்க, அப்படியே எழுதிக் கொடுங்க" என்றாள். நான்தான் படிவம் பூர்த்தி செய்தேன், என் கையால். அவள் ஊருக்கும் நகல் போனது. பதினோராவது நாள் அங்கே யாரோ பலகையை செல்போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே வேன் வந்து ஹாஸ்டல் வாசலில் நின்றது, பெண்ணை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்கவில்லை என்றால் அந்த நோட்டீஸே செல்லாமல் போய்விடும், அப்படியே போனது.

ஒரு வருஷம் கழித்து இரண்டு பேரும் திரும்ப வந்தார்கள். எப்படியோ வெளியே வந்து, மதம் மாறியதாகக் காகிதம் வாங்கி, கோயிலில் தாலி கட்டி, எல்லாம் ஒரே காலையில் முடிந்திருந்தது. பதிவுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது, "நோன்பு இன்னும் விடலைங்கய்யா, ஆனா பேப்பர்ல நான் வேற ஆளுங்க" என்றாள்.

நிக்காஹ்வுக்காகப் பெயர் மாற்றிக்கொண்ட இந்துப் பெண்ணுக்கும் நான் எழுதியிருக்கிறேன், அவளுக்கும் இதே அவசரம், இதே 30 நாள் பயம். நான் குலதெய்வத்துக்கு வருஷம் தவறாமல் பொங்கல் வைக்கிறவன், அதனால்தான் இது எனக்கு வலிக்கிறது. மனசு மாறி ஒருவர் மதம் மாறினால் அது அவர் உரிமை. பலகைக்குப் பயந்து மாறுவது எப்படி உரிமை ஆகும்? மதம் மாறாமல் கல்யாணம் செய்யவென்று வந்த சட்டமே ஆட்களை மதம் மாறத் துரத்துகிறது.

ஊருக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்பீர்கள். சர்ச்சில்கூட இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்களே என்பீர்கள். அது உறவும் சபையும் கூடி வாழ்த்துகிற இடம். இந்தப் பலகை அப்படி இல்லை. 2016இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் பக்கத்தில் பட்டப்பகலில், சாதி மாறிக் கட்டினான் என்பதற்காக ஓர் இளைஞனை வெட்டிக் கொன்றார்கள், நம் மண்ணில்தான் நடந்தது. அப்படிப்பட்ட ஊரில் முகவரியோடு நோட்டீஸ் ஒட்டுவது என்னவென்று யோசியுங்கள். ஆட்சேபணை சொல்லவும் சட்டம் நாலைந்து காரணம்தான் வைத்திருக்கிறது: ஏற்கெனவே துணை இருப்பது, வயது போதாதது, சம்மதம் தர முடியாத மனநிலை, நெருங்கிய ரத்த உறவு. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பது அதில் இல்லை. ஆனால் பலகையைப் படித்துவிட்டு ஓடி வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் காரணத்தோடுதான் வருவார்கள்.

கல்யாணமானவன் ஏமாற்றி இன்னொன்று கட்டிவிடுவானே என்றால், இந்துத் திருமணத்தில் அவன் நாளைக்கே கட்டலாமே, அங்கே பலகை இல்லையே? அங்கே தண்டனை இருக்கிறது, அது போதும் என்று விட்டிருக்கிறோம்.

இப்போது முன்னால் சொன்ன இடத்துக்கு வருகிறேன். ஈரோட்டுக்காரர் பெரியார் நடத்திவைத்த சுயமரியாதைத் திருமணங்களை 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அண்ணா முதல்வரானதும் 1967இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார், ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம், உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றினால் போதும், முன்பு நடந்தவையும் செல்லும் என்றானது. 2023இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அதை ஊரறிய அறிவித்துச் செய்ய வேண்டும் என்பதில்லை, வீட்டின் எதிர்ப்புக்கு ஆளான ஜோடியின் உயிருக்கே அது ஆபத்தாக முடியலாம் என்றது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்தப் பொள்ளாச்சிப் பெண் நினைவுதான் வந்தது. ஏனென்றால் அந்தத் திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்துக்குள் இருக்கிறது, இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். அந்த ஜோடிக்கு உண்டான அதே ஆபத்து இவளுக்கும் உண்டு, இவளுக்கு மட்டும் பலகை. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021இல், ஜோடி விரும்பினால் ஒழிய நோட்டீஸை வெளியிட வேண்டியதில்லை என்றது. சட்டத்தின் எழுத்து இன்னும் மாறவில்லை.

அரசாங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதிவு கட்டாயம் வேண்டும். இங்கே 2009 சட்டப்படி எந்த மதமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், விதவைப் பென்ஷனுக்கு அலைந்த எத்தனையோ அம்மாக்களுக்குக் கல்யாணச் சான்று இல்லாமல் எழுதிக் கொடுத்துக் கை ஓய்ந்தவன் நான். எழுதி வைப்பது அரசாங்கத்தின் வேலை. யார் யாரைக் கட்டலாம் என்று சித்தப்பன் பெரியப்பன் மாதிரி நிற்பது அதன் வேலை இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. உத்தரகண்டில் சேர்ந்து வாழ்கிறவர்களும் பதிய வேண்டும் என்று வந்த சட்டம் பற்றிப் பேச நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. தோட்டம் துரவு உள்ளவர்களுக்கு ஒன்று மட்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் வேறு மதத்தில் கட்டினால் பங்கு போய்விடும் என்று பிள்ளைகளை மிரட்டுவார்கள். போகாது. கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்ததாகக் கணக்கு, அவ்வளவுதான், பங்கு அவர்களுடையதுதான். இரண்டு பேருமே இந்துவானால் 1976க்கு அப்புறம் அப்படிப் பிரிந்ததாகக் கணக்குக்கூடக் கிடையாது. அப்புறம், கையெழுத்துக்கு மூன்று சாட்சி வேண்டும், பல பேர் இரண்டோடு வந்து திரும்பிப் போகிறார்கள். நன்றி, வணக்கம்.