வஸ்திரத்தைத் தொட்டவள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பிப்ரவரி 2ஆம் தேதி, குழந்தை இயேசுவை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோன நிகழ்ச்சியைப் பல திருச்சபைகள் நினைவுகூருகின்றன. கிறிஸ்துமஸிலிருந்து எண்ணிப் பாருங்கள், அது நாற்பதாம் நாள். லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தின் கணக்கு அது. ஆண் குழந்தை பெற்றவளுக்கு 40 நாள், பெண் குழந்தை பெற்றவளுக்கு 80 நாள் தீட்டு. நாள் நிறைந்ததும் ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் கொண்டுவர வேண்டும். ஆட்டுக்கு வசதியில்லாதவர்கள் இரண்டு புறாக்கள் கொடுத்தால் போதும். மரியாள் விஷயத்தில் லூக்கா புறாக்களைத்தான் சொல்கிறார், ஆட்டைச் சொல்லவில்லை.

மரியாள் என்ன பாவம் செய்தாள்? ஒன்றுமில்லை. ஒரு பிள்ளையைப் பெற்றாள், அவ்வளவுதான். வேதாகமத்தில் தீட்டு என்றாலே பாவம் என்று நினைத்துக்கொண்டு படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மோசேயின் சட்டத்தில் எவையெல்லாம் தீட்டு? பிரசவம், மாதவிலக்கு, ஆணின் விந்து, சில தோல் நோய்கள், பிணத்தைத் தொடுவது. இவற்றில் பெரும்பாலானவை வாழ்க்கையில் தவிர்க்கவே முடியாதவை. சில கடமைகளும்கூட. தகப்பன் இறந்தால் மகன்தான் அடக்கம் செய்ய வேண்டும். செய்தால் அவனுக்கு ஏழு நாள் தீட்டு. மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் சிவப்புக் கிடாரியின் சாம்பல் கலந்த தண்ணீரை அவன்மேல் தெளிப்பார்கள். அப்பாவைத் தொடாதே என்று சட்டம் சொல்லவில்லை. தொடு, அடக்கம் செய், ஆனால் அந்த ஏழு நாள் ஆலயத்தை நெருங்காதே என்றுதான் சொன்னது. சாவுக்குரியதும் உயிரைத் தரும் கடவுளின் சந்நிதியும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்ற உணர்வு அதில் இருந்ததாக வேத அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

அந்த மக்கள் இதை எவ்வளவு அக்கறையாகக் கடைப்பிடித்தார்கள் என்பதற்கு மண்ணுக்கடியிலேயே சாட்சி இருக்கிறது. எருசலேமிலும், கலிலேயாவின் மக்தலாவிலும் படியிறங்கி முழுகும் சுத்திகரிப்புத் தொட்டிகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து செய்த குவளைகளும் கிண்ணங்களும் ஊர் ஊராகக் கிடைக்கின்றன. மண்பாண்டத்துக்குத் தீட்டு ஒட்டினால் அதை உடைத்துப்போட வேண்டும். கல்லுக்குத் தீட்டு ஒட்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. கானாவூர்க் கல்யாண வீட்டில் ஆறு கற்சாடிகள் இருந்தன என்று யோவான் எழுதுவது வெறும் வர்ணனை அல்ல. அப்படிப்பட்ட வீடு அது. இவர்களையெல்லாம் வேஷக்காரர்கள் என்று பிரசங்க பீடத்திலிருந்து சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதை என்னால் ஏற்க முடியவில்லை. "தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்று 51ஆம் சங்கீதத்தில் மன்றாடியதும் இதே மக்கள்தான். உள்ளத் தூய்மை புதிய ஏற்பாட்டில்தான் பிறந்தது என்பது உண்மையல்ல.

சரி, அப்படியானால் இயேசு என்ன செய்தார்? மாற்கு 5ஆம் அதிகாரத்துக்கு வருவோம்.

பன்னிரண்டு வருஷமாகப் பெரும்பாடுள்ள ஒரு பெண். நிற்காத உதிரப்போக்கு. வைத்தியர்களிடம் அலைந்து கைப்பணமெல்லாம் கரைந்து போயிற்று, நோய் கூடியதுதான் மிச்சம். லேவியராகமம் 15இன்படி உதிரம் நிற்கும்வரை அவளுக்குத் தீட்டு. அவள் படுத்த படுக்கையை, உட்கார்ந்த மணையைத் தொட்டவர்கள் துணியைத் துவைத்து, குளித்து, சாயங்காலம்வரை தீட்டோடு இருக்க வேண்டும். அவளை ஊரைவிட்டுத் துரத்த வேண்டும் என்று அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. நம் ஊர்ப் பழக்கத்தை மனத்தில் வைத்துப் படிப்பதால் அப்படித் தோன்றுகிறது. ஆனாலும் பன்னிரண்டு வருஷம்! தொட்டதையெல்லாம் மற்றவர்கள் கழுவிக்கொண்டே இருக்கும் வீட்டில் ஒரு பெண் எப்படி நடமாடியிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

அவள் கூட்டத்துக்குள் பின்பக்கமாக வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். உடனே உதிரம் நிற்கிறது. அவள் எதிர்பார்த்தது அதோடு நழுவிவிடலாம் என்பதுதான். ஆனால் இயேசு நின்று, "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்?" என்று கேட்கிறார். நடுநடுங்கி வந்து விழுந்து உண்மையெல்லாம் சொல்கிறாள். எத்தனை பேர் முன்னால்! எந்த வியாதி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் கடிந்துகொள்ளவில்லை. "போய்க் குளி, என்னையும் தீட்டுப்படுத்திவிட்டாயே" என்ற பேச்சே இல்லை. "மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்கிறார். நற்செய்திகளில் ஒரு தனிப் பெண்ணை இயேசு மகளே என்று அழைப்பது இந்த நிகழ்ச்சியில் மட்டும்தான்.

தீட்டு அவளிடமிருந்து அவருக்குப் போக வேண்டும், அதுதான் சட்டத்தின் கணக்கு. இங்கே சுகம் அவரிடமிருந்து அவளுக்குப் போயிற்று. அங்கிருந்து அவர் நேரே ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் வீட்டுக்குப் போய், இறந்துகிடந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கையைப் பிடிக்கிறார். ஏழு நாள் தீட்டு வர வேண்டிய இடத்தில் பிள்ளை எழுந்து நடக்கிறாள். இயேசு சட்டத்தை இகழ்ந்தவர் அல்ல. குஷ்டரோகியைக் குணமாக்கியபோது, ஆசாரியனிடம் உன்னைக் காண்பித்து மோசே கட்டளையிட்டதைச் செலுத்து என்று அனுப்பியவர் அவர்தான். அவரிடத்தில் பரிசுத்தம் ஒளிந்துகொண்டு தன்னைக் காத்துக்கொள்ளவில்லை, தீட்டைத் தேடிப் போய் வென்றது. கிறிஸ்தவ விசுவாசத்தில் நான் மிகவும் நேசிக்கிற இடம் இது.

மாற்கு 7ஆம் அதிகாரத்தில் கைகழுவாமல் சாப்பிடுவது பற்றிய வாக்குவாதம் வருகிறது. உள்ளிருந்து புறப்படுவதே மனுஷனைத் தீட்டுப்படுத்தும் என்று இயேசு சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதற்குமுன் அவர் எடுத்துக்காட்டிய வழக்கைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். வயதான தாய் தகப்பன் இருக்கிறார்கள். மகன் தன் பணத்தைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்தது என்று சொல்லிவிடுகிறான். அப்புறம் அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கை சுத்தம், காணிக்கையும் சுத்தம், அம்மா பட்டினி. உள்ளத்தின் அழுக்கு என்றதும் நாம் உடனே காம எண்ணங்களுக்குப் போய்விடுகிறோம். இயேசு அடுக்கும் பட்டியலில் அவை உண்டு. களவு, பொருளாசை, கபடு, வன்கண், பெருமை ஆகியவையும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன.

அப்போஸ்தலர் 10இல் பேதுரு, பிணத்தோலைப் பதனிடும் சீமோன் என்பவன் வீட்டு மாடியில் தரிசனம் கண்டார். பிறகு ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டுக்குள் போய், எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாதென்று தேவன் எனக்குக் காண்பித்தார் என்றார். இதைப் படித்த சபைதான் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1870-களில் சாதிக்கு ஒரு பக்கமாக, இரண்டு கூறாகப் பிரித்துக் கோவில் கட்டியது. நடுவில் இருந்த தடுப்புச் சுவரை இடிக்க இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. இடித்ததற்கு எதிர்ப்பும் வந்தது. வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

அந்தப் பெரும்பாடுள்ள பெண்ணைச் சபை பிற்காலத்தில் என்ன செய்தது என்பது இன்னொரு கதை. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனிசியு ஒரு கடிதம் எழுதினார். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் ஜெபிக்கலாம், ஆனால் திருவிருந்து மேசையை நெருங்கக் கூடாது. காரணம்? அந்தப் பெண்கூட ஆண்டவரைத் தொடவில்லையே, வஸ்திரத்தின் ஓரத்தைத்தானே தொட்டாள் என்றார். கீழைத் திருச்சபைகளில் அவர் சொல் விதியாகவே நிலைத்தது. அதே நூற்றாண்டில் சிரியாவில் எழுந்த ஒரு சபை ஒழுங்கு நூல் நேர்மாறாகப் பேசுகிறது. ஞானஸ்நானத்தில் பெற்ற பரிசுத்த ஆவி அந்த ஏழு நாள் உங்களைவிட்டுப் போய்விடுகிறார் என்றால், அந்த நாட்களில் நீங்கள் இறந்தால் ஆவியில்லாமல் வெறுமையாகவா போவீர்கள் என்று பெண்களைப் பார்த்துக் கேட்கிறது.

அப்புறம் கி.பி. 601. இங்கிலாந்தில் ஊழியம் செய்த அகஸ்டின் கேட்ட கேள்விகளுக்குப் போப் கிரகோரி பதில் எழுதினார். அவற்றைப் பீட் என்னும் துறவி தம் வரலாற்று நூலில் பதிந்து வைத்திருக்கிறார். பிள்ளை பெற்றவள் எத்தனை நாள் கழித்துக் கோவிலுக்கு வரலாம்? பெற்ற அதே மணிநேரத்தில் நன்றி சொல்ல வந்தாலும் அவள்மேல் பாவமில்லை என்கிறார் கிரகோரி. மாதவிலக்கு? அந்தப் பெண் வஸ்திரத்தைத் தொட்டது புகழத்தக்கது என்றால், இயற்கையாக வருவதற்காக ஒருத்தியை ஏன் தடுக்க வேண்டும்? பசியும் தாகமும் களைப்பும்போல இதுவும் உடலின் பலவீனம்தானே என்கிறார். பயபக்தியினால் தானாகவே விலகியிருப்பவளை அவர் பாராட்டவும் செய்கிறார். தடுக்கும் உரிமை மட்டும் யாருக்கும் இல்லை.

ஒரே பெண், ஒரே வஸ்திரம், ஆனால் நேர் எதிரான இரண்டு தீர்ப்புகள். நான் கிரகோரியின் பக்கம். அந்தப் பெண்ணை இயேசுவே பேசவிட்டார், மகளே என்றார். அதற்குமேல் அவள் எதைத் தொட்டாள், எதைத் தொடவில்லை என்று அளந்து பார்க்க நாம் யார்?

நான் வளர்ந்த சபையில் என் அத்தை அந்த நாட்களில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். திருவிருந்துக்கு வரிசை நகரும்போது முந்தானையைச் சரிசெய்துகொண்டு பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் போகவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தன் மனச்சாட்சிப்படி விலகியிருக்க நினைக்கிற பெண்ணிடம் நான் வாதாடப் போவதில்லை. ஆனால் போக ஆசையிருந்தும், பெரியவர்கள் என்ன சொல்வார்களோ என்று உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, வருகிற ஞாயிற்றுக்கிழமை எழுந்து வரிசையில் நில்லுங்கள். யாராவது தடுத்தால், மாற்கு 5ஆம் அதிகாரம் 25ஆம் வசனத்திலிருந்து 34 வரை அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.