சொந்தச் சபையே தள்ளிவைத்த பிஷப்: ஜான் வில்லியம் கொலென்சோ

வணக்கம் மக்களே. சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு 'சபையின் அஸ்திபாரம்' பாட்டு தெரிந்திருக்கும். அதன் ஆங்கில மூலத்தை 1866-இல் சாமுவேல் ஸ்டோன் என்ற இளம் போதகர் எழுதினார். ஒரு பிஷப்பால் ஆங்கிலிக்கன் சபையே, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் குடும்பமே, இரண்டுபட்டுக் கிடந்த நேரம் அது. அந்த பிஷப்தான் இன்றைக்கு நம் ஆள்.

கொலென்சோ 1814-இல் கார்ன்வாலில் பிறந்தவர். வசதியில்லாத வீடு. கேம்பிரிட்ஜ் போய், 1836-இல் கணிதத் தேர்வில் இரண்டாவதாக வந்தார். அவருடைய கணக்குப் புத்தகங்கள் இங்கிலாந்துப் பள்ளிகளில் சக்கைப்போடு போட்டன. ஆள் கணக்கு வாத்தியார் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வம்பே அதனால்தான்.

1853-இல் நேட்டாலின் முதல் பிஷப் ஆனார். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரை, டர்பன் இருக்கிற பக்கம். 1860-இலிருந்து நம் ஆட்களைக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேற்றிக் கொண்டுபோன அதே காலனி. அங்கே போய் ஜூலு மொழியைக் கற்று, இலக்கணமும் அகராதியும் எழுதினார். அப்போதே மற்ற மிஷனரிகளோடு உரசல் தொடங்கிவிட்டது. பல மனைவிகள் உள்ளவர் ஞானஸ்நானம் கேட்டு வந்தால், ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட வேண்டும் என்பது அவர்கள் விதி. அந்தப் பெண்களும் பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்று கேட்டவர் இவர். பாவிகளுக்கு முடிவில்லாத நரகத் தண்டனை, அதாவது நித்திய ஆக்கினை, என்ற போதனையையும் 1861-இல் வெளிப்படையாக மறுத்தார்.

ஆனால் பெரிய வெடி அதற்கடுத்த வருடம்தான். வேதாகமத்தை ஜூலுவில் மொழிபெயர்க்கும்போது கூடவே இருந்து உதவியவர் வில்லியம் எங்கிடி. நோவாவின் வெள்ளம் வந்ததும் அவர் கேட்டாராம்: இதெல்லாம் உண்மையாகவே நடந்தது என்று நீங்கள் நம்புகிறீர்களா? வேறொரு மிஷனரியாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். இவரோ ஐந்தாகமத்தை, அதாவது மோசே எழுதியதாகச் சொல்லப்படும் வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்களை, எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார், போட்டதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். எண்ணாகமத்தில் யுத்தத்துக்குப் போகத்தக்க ஆண்கள் மட்டும் 6,03,550 பேர். சபை முழுவதும் ஆசரிப்புக் கூடார (இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரம்) வாசலில் கூடியது என்றால், கூடாரத்தின் அகலத்துக்கு வரிசைக்கு ஒன்பது பேராக நிறுத்தினால்கூட வரிசை ஏறக்குறைய 20 மைல் நீளும். பிள்ளை பெற்ற தாய்மார் கொண்டுவர வேண்டிய புறாக்குஞ்சுகளைக் கணக்கிட்டால், அந்தப் பலியைச் சாப்பிட வேண்டிய மூன்று ஆசாரியர்களும் ஆளுக்குத் தினமும் 88 சாப்பிட்டாக வேண்டும். அப்புறம், முசல் அசைபோடும் என்கிறது லேவியராகமம், அது அசைபோடுவதில்லை.

எனக்குப் படுவதைச் சொல்கிறேன், இறையியலாக இது கொஞ்சம் வறட்டு வேலைதான். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார பிஷப், ஒரு ஜூலு மனிதரின் சந்தேகத்தைப் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியாக எடுத்துக்கொண்டார் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயம். ஊர் சிரித்ததும் அதற்காகவே. ஜூலுக்காரரை மாற்றப் போனவரை ஜூலுக்காரர் மாற்றிவிட்டார் என்று கிண்டல்!

1863-இல் கேப் டவுன் பிஷப் ராபர்ட் கிரே இவரை விசாரித்துப் பதவிநீக்கம் செய்தார். லண்டனில் பிரிவி கவுன்சில், அதாவது காலனிகளுக்கான உச்ச மேல்முறையீட்டு மன்றம், 1865-இல், கிரேவுக்கு அந்த அதிகாரமே கிடையாது என்று தீர்ப்பு சொன்னது. கிரே விடவில்லை, மறுவருடமே சபைநீக்கம் செய்தார், பிறகு போட்டிக்கு இன்னொரு பிஷப்பும் வந்தார். 1867-இல் உலக ஆங்கிலிக்கன் பிஷப்புகளின் முதல் லாம்பெத் மாநாடு கூடியதற்கு இந்தத் தகராறு ஒரு முக்கியக் காரணம்.

இவ்வளவு நடந்தும் நேட்டாலின் வெள்ளைக்காரர்களில் நிறையப் பேர் இவர் பக்கமே இருந்தார்கள். அவர்கள் எப்போது விலகினார்கள் தெரியுமா? 1873-இல் ஹ்லுபி மக்களின் தலைவர் லங்கலிபலேலேயிடம், உன் ஆட்களின் துப்பாக்கிகளைப் பதிவு செய் என்று அரசு நெருக்க, அவர் மலை தாண்டி ஓடினார். பிடித்துவந்து, வாதாட வக்கீல்கூட இல்லாமல் விசாரித்து, ராபன் தீவுக்கு அனுப்பினார்கள். ஆமாம், பின்னாளில் மண்டேலா இருந்த அதே தீவு. கொலென்சோ சாட்சியங்களைத் தோண்டி எடுத்து, லண்டன் வரை போய் முறையிட்டார். கவர்னர் திரும்ப அழைக்கப்பட்டார். அந்த விசாரணையில் கை இருந்த, காலனியின் பூர்வகுடி விவகார அதிகாரி தியோஃபிலஸ் ஷெப்ஸ்டோன் இவருக்கு 20 வருட நண்பர், அந்த நட்பும் போனது, கோயில் கூட்டமும் கரைந்தது. மோசேயைக் கேள்வி கேட்டதைப் பொறுத்தவர்களுக்குக் காலனியைக் கேள்வி கேட்டது பொறுக்கவில்லை.

1879 ஜனவரியில் இசன்ட்ல்வானாவில் ஜூலு படை, தங்கள் நாட்டின்மேல் படையெடுத்து வந்த பிரிட்டிஷ் படையை அழித்தது. காலனி முழுக்க ஆத்திரம். அந்த நேரத்தில் இவர் பிரசங்க மேடையில் மீகா 6:8-ஐ எடுத்துக்கொண்டு, நியாயமும் இரக்கமும் நாம் காட்டினோமா என்று கேட்டார். அந்தப் போரில் தோற்றுச் சிறையில் இருந்த ஜூலு மன்னர் செட்ஷ்வாயோவை 1880-இல் நேரில் போய்ப் பார்த்தார். ஜூலு மக்கள் அவரை 'சொபன்டு' என்றார்கள், மக்களின் தந்தை.

அவரைப் புனிதராக்க வேண்டாம். பிரிட்டிஷ் ஆட்சி அடிப்படையில் நல்லது, ஆட்கள்தான் சரியில்லை என்ற நம்பிக்கை அவரைவிட்டு லேசில் போகவில்லை. ஷெப்ஸ்டோனை அத்தனை வருடம் நம்பியதும் அதனால்தான்.

1883 ஜூனில் இறந்தார். வழக்குகளை மகள் ஹாரியட் கையில் எடுத்து, அடுத்த தலைமுறை மன்னர் டினுசுலுவுக்காகவும் போராடினார். அவருக்குத் தனி வீடியோவே போட வேண்டும், போடுகிறேன். சரி, பார்க்கலாம்.