21 தீவுகள் என்கிற கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மன்னார் வளைகுடாவில் எத்தனை தீவு என்று நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் பட்டென்று 21 என்று சொல்லும். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தபோது எண்ணிய கணக்கு அது. அதில் கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவும், தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லித் தீவும் இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் சுற்றியிருந்த பவளக்கல்லை வருடக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தாங்கப் பாறை இல்லாமல் மணல் கரைந்துபோனது. பூங்காவின் பரப்பு மட்டும் அன்றும் 560 சதுர கிலோமீட்டர், இன்றும் அதேதான்.

காடு, கண்மாய், கழிமுகம், பவளப்பார் இவையெல்லாம் நலமாக இருக்கின்றனவா என்று ஒரு நாடு எப்படித் தெரிந்துகொள்கிறது? பரப்பைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறோம். போதாது என்பது என் கட்சி.

ஐரோப்பிய நாடுகள் 1992-இல் வாழிடங்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தன. அதன்படி ஒவ்வொரு நாடும் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். ஒரு வாழிடம் எங்கெங்கே பரவியிருக்கிறது, பரப்பு எவ்வளவு, உள்ளே இருக்க வேண்டியவை இருந்து வேலை செய்கின்றனவா, வரும் காலத்தில் தாக்குப்பிடிக்குமா என்று நான்கு கேள்விகள். நம் பத்தாம் வகுப்புத் தேர்வு மாதிரிதான். மூன்றில் நல்ல மார்க் வாங்கி ஒன்றில் கோட்டைவிட்டாலும் மொத்தமும் ஃபெயில். கறாரான முறைதான், ஆனால் நியாயமானது. 'தெரியவில்லை' என்பதையும் அங்கே ஒரு தனி விடையாக எழுதலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். தெரியாததை 'நன்றாக இருக்கிறது' என்ற கட்டத்தில் தள்ளிவிட முடியாது.

நம் நாட்டில் டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் காட்டுப் பரப்பைப் பற்றி அறிக்கை வெளியிட்டு வருகிறது. செயற்கைக்கோள் படத்தில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் பத்து சதவீதமாவது மரக்கிளை மூடியிருந்தால் அது காட்டுப் பரப்பு. என்ன மரம், யார் நிலம் என்று பார்ப்பதில்லை. இராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதில் உள்ள வில்லங்கம் உடனே புரிந்திருக்கும். ஆமாம், சீமைக்கருவேலம்! கண்மாய்க்குள் அது அடர்ந்து நின்றால் மேலிருந்து பார்க்கிறவருக்குப் பச்சை. தண்ணீர் தேங்க வேண்டிய இடம் போய்விட்டதே என்பது கரையில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் பறவைகள் வந்து கூடு கட்டுவதற்குத் தண்ணீரும் வேண்டும், மரமும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காத அளவு அரை அளவுதான்.

கடலுக்கடியில் நிலைமை இன்னும் சிக்கல். பார், அதாவது பவளப்பாறைத் திட்டு, அதன் மேல் 20 மீட்டர் டேப்பை விரித்து, அதன் கீழே என்னென்ன வருகிறது என்று முக்குளித்தபடியே பலகையில் பென்சிலால் குறிப்பார்கள். இத்தனை சென்டிமீட்டர் உயிருள்ள பவளம், இத்தனை செத்த பவளம், பாசி, உடைந்த கல், மணல். தாழை என்று நாம் சொல்லும் கடற்புல் வளரும் இடமென்றால் ஒரு சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே எத்தனை பங்கு புல் மூடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். கச்சான் காற்றில் தென்கடல் கலங்கினால் அன்றைக்கு வேலை இல்லை. ஒருமுறை அளப்பது பெரிய காரியமில்லை. அதே இடத்துக்குத் திரும்பிப் போய் அதே முறையில் மறுபடி அளப்பதுதான் காரியம். 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, எவ்வளவு செத்தது என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், முன்பே அளந்த கணக்கு கையில் இருந்ததுதான்.

அந்த டேப்புக்கு அடியில்தான் குருசடைத் தீவின் சங்கதியும் தெரிந்தது. மண்டபம் பகுதியில் வருமானத்துக்காக வளர்த்த வெளிநாட்டுப் பாசி, கப்பாஃபைகஸ், உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்து மூடியிருந்தது. 2008-இல் ஆய்வாளர்கள் அதைப் பதிவு செய்தார்கள். பாசி வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தீவும் இருக்கிறது, பாரும் இருக்கிறது, பரப்பும் குறையவில்லை என்று எழுதினால் அந்தப் பாசி கணக்கில் வருமா?

சின்னப்பாலம் பக்கம் துணியை விரலில் சுற்றிக்கொண்டு முங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு எந்தக் கல்லில் எது குறைந்தது என்று தெரியும். அவர்கள் சொல்வதை இடம், நாள் போட்டு எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆய்வாளர்களின் டேப் எட்டாத பாரெல்லாம் அவர்கள் கைபட்ட பார்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரல் முதல் ஜூன் வரை தண்ணீர் சூடாக இருக்கும்போது பவளம் வெள்ளை வெளேரென்று தெரிந்தால் தேதி, இடம், எத்தனை பாகம் ஆழம் என்று குறித்து இராமநாதபுரம் வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் சொல்லுங்கள். போட்டோ இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வெளுத்ததெல்லாம் செத்ததில்லை, சூடு தணிந்தால் நிறம் திரும்பலாம், இல்லையென்றால் மேலே பாசி பிடித்துவிடும். அதனால் ஒரு மாதம் கழித்து அதே இடத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்து சொன்னால் இன்னும் உபகாரம்.

நன்றி, வணக்கம்.