ஊர்வாயும் ஊர் வாசிகசாலையும்

(செப்டெம்பர் 10, உலகத் தற்கொலைத் தடுப்பு நாளையொட்டி, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் கிராமமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்தின் தலைவர் அவர்களே, அலுவலக நெருக்கடிகளுக்கிடையே ஆற்றைக் கடந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, இந்த மண்டபத்தை ஒரு சதமும் வாங்காமல் திறந்துதந்த ஆலய வண்ணக்கர் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, அயற்கிராமத்துப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிலிருந்து வந்திருக்கும் ஹாஜியார் அவர்களே, கமநல சேவை நிலையத்தின் உத்தியோகத்தர்களே, மாதர் சங்கத்துத் தாய்மாரே, விளையாட்டுக் கழகத் தம்பிமாரே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு எழுத்தறிவித்த ஆசிரியை அம்மா அவர்களும் இங்கே வந்திருக்கிறார். அவர் முன்னிலையில் பேசுவதை நான் பெற்ற பேறாகக் கருதுகிறேன். குடும்பநல உத்தியோகத்தர் சகோதரி பின்வரிசையில் நிற்பதைக் காண்கிறேன். இந்தக் கூட்டத்திலே ஒவ்வொரு வீட்டின் உள்ளறை வரைக்கும் போய்வரும் ஒரேயொருவர் அவர்தான். யாராவது எழுந்து அவருக்கு ஓர் இருக்கை கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, தற்கொலையைத் தடுப்பதில் அரசினதும் சமூகத்தினதும் பங்கு என்பதாகும். நான்கு விடயங்களைப் பேச எண்ணியிருக்கிறேன்: அரசு செய்து காட்டியது, வைத்தியசாலை செய்யவேண்டியது, நுண்கடன், பத்திரிகைகளின் பொறுப்பு. இவை எல்லாவற்றுக்கும் ஊடே ஓடுகின்ற ஒரு பழமொழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்று நம் பாட்டிமார் சொன்னார்கள்.

அரசு செய்ததை முதலில் நன்றியோடு சொல்லவேண்டும். இலங்கையில் 1995 ஆம் ஆண்டளவில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. பத்தாண்டுகளில் அந்த விகிதம் ஏறக்குறையப் பாதியானது, பின்னரும் குறைந்தது. இது தானாக நடந்ததன்று. 1980 ஆம் ஆண்டின் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு பதிவாளர் அலுவலகம் உருவாகி, மனித உயிருக்கு மிகவும் ஆபத்தான விவசாய நஞ்சுகளை 1984 இலும், 1995 இலும், 1998 இலும், பின்னர் 2008 தொடக்கமும் படிப்படியாக நாட்டுக்குள் வராமல் தடுத்தது. 1995 க்கும் 2015 க்கும் இடையில் இந்தத் தடைகளால் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். மருந்தைத் தடைசெய்தால் வேளாண்மை படுத்துவிடும் என்று அப்போது அஞ்சியவர்கள் பலர். விளைச்சல் அதனால் குறையவில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டிவிட்டன. இங்கே இருக்கின்ற விவசாயிகள் இதை மறக்கக்கூடாது, ஏனென்றால் மலிவாக ஏதோவொரு கள்ளமருந்து கிடைக்கிறது என்று யாராவது வயற்கரைக்குக் கொண்டுவரும்போது அதை மறுத்துத் திருப்பியனுப்புவதும் உயிர் காக்கும் செயலே.

சட்டமும் திருந்தியது. 1997 இல் தற்கொலைத் தடுப்புக்கென ஜனாதிபதிக் குழுவொன்று அமைக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு, தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாகக் கொண்டிருந்த பிரிவு தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முன்பு, உயிர் தப்பி வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்த ஒருவர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. இன்று அவர் நோயாளி. வைத்தியருக்கும் தாதிக்கும் உரியவர். ஆயினும் சட்டம் நீக்கிய குற்றப்பட்டத்தை நம் ஊர்களில் நாம் இன்னும் நீக்கவில்லை. தப்பி வந்த பிள்ளையை வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, அந்த வீட்டில் அப்படி என்ன நடந்ததாம் என்று கேட்கிறோம். ஊர்வாயை மூடும் சட்டப்பிரிவை எந்தப் பாராளுமன்றமும் நிறைவேற்ற முடியாது.

இறப்பு குறைந்ததுபோல் வேதனை குறையவில்லை. முயற்சி செய்து வைத்தியசாலைக்கு வந்து சேர்வோர் தொகை அதே வேகத்தில் குறையவில்லை என்பதை வைத்திய அதிகாரி அவர்கள் என்னைவிட நன்கு அறிவார். நஞ்சை அகற்றியது அரசு. அதை நாடவைத்த தனிமையை அகற்றுவதற்குக் கொழும்பிலிருந்து வர்த்தமானி வெளியிட முடியாது. அனுராதபுர மாவட்டத்தின் கிராமங்களில் வீடுவீடாகப் பூட்டுப் பெட்டிகள் கொடுத்து, விவசாய மருந்துகளை அவற்றுள் வைக்கச்சொல்லி ஒரு பெரும் ஆய்வு நடந்தது. 2017 இல் அதன் முடிவு வெளியானபோது, பெட்டிகளால் முயற்சிகள் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பூட்டுப் போடுவது தவறென்று நான் சொல்லவில்லை, பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டு வேண்டியதே. ஆனால் பெட்டிக்குப் பூட்டு வாங்கிக்கொடுத்தவர்கள், அந்த வீட்டுக்காரருக்கு மாலையில் போய் இருந்து பேச ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கவேண்டும் என்பது என் கருத்து.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். தலைவர் அவர்கள் மணிக்கூட்டைப் பார்க்காமல் இருப்பாராக.

மண்முனைத் துறையில் பாலம் வருவதற்கு முந்திய காலம். பாலம் 2014 இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு ஆளும் மூட்டையும் பத்திரிகையும் பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் இக்கரை சேரவேண்டும். எங்களூர் வாசிகசாலைக்குப் பேப்பர் பின்னேரம்தான் வரும். தெரு மூடிய நாட்களில் இரண்டு மூன்று நாளைப் பேப்பர் ஒன்றாக வரும். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் வாங்கில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, முதற்பக்கத்திலிருந்து உரத்து வாசிப்பார். வாசிக்கத் தெரிந்தவர்களும் தங்கள் கண்ணால் வாசிப்பதை விட்டுவிட்டு அவர் வாயால் கேட்பதற்கே வருவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு விவசாயி. எழுத்தறியாதவர். கதவோரம் குந்தியிருப்பார். நெல்விலையும் மழைச்செய்தியும் வரும்வரைக்கும் பொறுமையாகக் கேட்பார், வந்ததும் "ஐயா, அத இன்னொருக்கா வாசியுங்க" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். தபாலதிபர் சிரிக்காமல் திரும்ப வாசிப்பார்.

ஒரு பெரும்போகத்தில் வெள்ளம் வந்து கதிர்ப்பருவத்து வயல்கள் எல்லாம் தண்ணீருக்கடியில் போயின. அந்த விவசாயி கடன்பட்டுச் செய்த வேளாண்மை. கடன் கொடுத்தவர் வீட்டுப் படலையில் நின்று தெருவுக்கே கேட்கும்படி ஏசிவிட்டுப் போனாராம். அடுத்த நாள் குளத்தடியிலும் கடையடியிலும் அதே கதை. அதன்பின் அவர் வாசிகசாலைக்கு வரவில்லை. இரண்டு மூன்று மாலைகள் சென்றன. ஒருநாள் தபாலதிபர் நெல்விலையை வாசித்துவிட்டு, பழக்கத்தில் சற்று நிறுத்தினார். இன்னொருக்கா வாசியுங்க என்ற குரல் வரவில்லை. பேப்பரை மடித்தார். "இவன ஏன் காணல்ல?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் கதை தெரியும், ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

அவர் எழுந்துவிட்டார். இரண்டு இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு வயல்வாடிக்குப் புறப்பட்டார். யானை இறங்கும் வழி அது. ஒரு தம்பியின் கையில் இருந்த டோர்ச் லைற் பற்றரி தீர்ந்து மங்கி மங்கி எரிகிறது. அவர் அதைத் தொடையில் தட்டித் தட்டிக்கொண்டு வருகிறார். வரம்பு வழுக்குகிறது. மற்றத் தம்பி, விடியப் போவோம் ஐயா என்று கெஞ்சுகிறார். தபாலதிபர் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கியபடி முன்னால் நடக்கிறார். வாடியில் விளக்கில்லை. இருட்டுக்குள் அந்த மனிதர் குந்தியிருந்தார். "என்ன ஐயா இந்த நேரத்தில?" "பேப்பர் வந்திருக்கு, உனக்கு வாசிக்காமப் போனா எனக்கு நித்திர வராது."

அவ்வளவுதான் சொன்னார். புத்தி சொல்லவில்லை, கடனைப் பற்றிக் கேட்கவில்லை. மங்கிய வெளிச்சத்தில் முதற்பக்கத்திலிருந்து தொடங்கினார். அரசியல் செய்தி, விளையாட்டுச் செய்தி, விளம்பரங்கள், ஒன்றையும் விடவில்லை. மரண அறிவித்தல் பக்கத்துக்கு வந்து முதலாவது பெயரை வாசித்தபோது, அந்த மனிதர் கையை நீட்டிப் பேப்பரை மறைத்து, "இத விட்டிருங்க ஐயா" என்றார். அந்த இடத்தில்தான் அவர் அழத்தொடங்கினார். அன்றிரவு என்ன முடிவில் இருந்தார் என்பதையும் தாமாகவே சொன்னார். விடியும்வரை மூவரும் அவரை விட்டு நகரவில்லை. மறுநாள் அப்போதைய வண்ணக்கர் முன்னிலையில் கடன்காரரை அழைத்துப் பேசி, இரண்டு போகத்தில் தவணையாகக் கட்டுவதென்று தீர்த்தார்கள். அவர் கட்டி முடித்தார். பேரப்பிள்ளைகளைக் கண்டார். அவர் பெயரை நான் எந்த மேடையிலும் சொல்லமாட்டேன்.

அந்த வாசிகசாலை இன்று பூட்டிக் கிடக்கிறது. சபையோர் மன்னிக்கவேண்டும், நான் எதைப் பேசப்போனாலும் அந்தப் பூட்டிலேயே வந்து நிற்பேன் என்று நண்பர்கள் சொல்வதை அறிவேன். ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒருவர் வராததை அறிய, அவர் வழமையாக வரும் இடம் ஒன்று முதலில் இருக்கவேண்டும். நம் இளைஞர்கள் இன்று ஆளுக்கொரு கைத்தொலைபேசியோடு தனியறையில் இருக்கிறார்கள். அங்கே யார் வரவில்லை என்பதை எவர் காண்பார்? மாலை விளக்குள்ள கட்டடம் ஊரில் ஒன்றுதான் என்றால், அது மதுபானசாலையாக இருக்கக்கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்று இதற்குச் சான்று தருகிறது. பிரேசில், இந்தியா, இலங்கை, ஈரான், சீனா ஆகிய ஐந்து நாடுகளில், முயற்சி செய்து தப்பியவர்கள் 1,867 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சை மட்டும். மற்றப் பகுதியினரோடு வைத்தியசாலையிலேயே ஒருமுறை அமர்ந்து விளக்கமாகப் பேசி, வீடு சென்றபின் ஒன்றரை வருடத்துக்குள் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ சுகம் விசாரித்தார்கள். 2008 இல் வெளியான முடிவின்படி, விசாரிக்கப்பட்டவர்களில் தற்கொலையால் இறந்தோர் ஆயிரத்துக்கு இருவர் என்ற அளவில் இருக்க, மற்றவர்களில் ஆயிரத்துக்கு 22 பேர். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருவர் தவறாமல் கேட்டதன் பெறுபேறு இது. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்றால், மூட வேண்டாம். அந்த வாய் சுகம் விசாரிக்கட்டும்.

அதற்காக வாசிகசாலை வைத்தியம் செய்யும் என்று நான் சொல்லவில்லை. தொடர்ந்து நித்திரையின்மை, உணவில் வெறுப்பு, நான் இருந்து என்ன பயன் என்ற பேச்சு, தன் பொருட்களைத் திடீரென்று பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவற்றைக் கண்டால், தயங்காமல் நேரடியாகக் கேளுங்கள். சாகவேண்டும்போல் இருக்கிறதா என்று அன்போடு கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனதில் இருப்பதைச் சொல்ல வழிதான் திறக்கும். அவரைத் தனியே விடாமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ அண்மையிலுள்ள அரச வைத்தியசாலைக்கோ கூட்டிச்செல்லுங்கள். 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். அங்கே படியேறுவதற்கு எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

நிறுவனங்கள் ஏழைக் குடும்பங்களுக்குத் தவணைமுறையில் கொடுக்கும் சிறுதொகைக் கடனான நுண்கடனைப் பற்றி விரிவாகப் பேச நேரம் போதாது. 2016 இல் அதை ஒழுங்குபடுத்தும் சட்டமும் 2018 இல் சில மாவட்டங்களின் பெண்களுக்கு நிவாரணமும் வந்தன என்பதோடு நிறுத்தி, அந்தக் கடனின் பாரம் பெரும்பாலும் பெண்கள் தலையில் இருக்கிறது என்பதால் ஒன்றைக் கேட்கிறேன். பழைய வாசிகசாலைகள் ஆண்களின் இடங்களாகவே இருந்தன. இனித் திறப்பவை அப்படி இருக்கக்கூடாது. கிழமையில் சில பிற்பகல்கள் தாய்மாருக்கென்றே இருக்கவேண்டும். தவணை கேட்டுப் படலைக்கு ஆள் வரும் நாளில், அந்தப் பெண்ணோடு போய் நிற்பதற்கு நான்கு பேர் அங்கே கிடைப்பார்கள். பத்திரிகைகளைப் பற்றிய விடயத்தை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. முதற்கட்டமாகப் பிரிவுக்கு ஒரு வாசிகசாலையாவது பின்னேரம் ஐந்து மணி தொடக்கம் எட்டு மணிவரை திறந்திருக்க வேண்டும், பொறுப்பாளருக்குச் சிறிய மாதாந்தப் படி வழங்க வேண்டும், அவருக்கு உளநலப் பிரிவினரைக் கொண்டு பயிற்சி கொடுக்க வேண்டும், வராதவர்களை விசாரித்துக் குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிவிப்பது அவருடைய கடமையாக எழுதப்பட வேண்டும் என்று ஒரு கோரிக்கை தயாரித்திருக்கிறோம். பிரதேச செயலாளர் அவர்களிடமும் பிரதேச சபையிடமும் அது கையளிக்கப்படும். கட்டடம் புதிதாகக் கட்டித்தருமாறு கேட்கவில்லை. இருப்பதன் பூட்டைத் திறந்து மின்னிணைப்பைத் திரும்பத் தருமாறே கேட்கிறோம். கையொப்பத் தாள்கள் வாசலருகே மேசையில் உள்ளன. எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டிடலாம், தம்பிமார் மைப்பெட்டியோடு நிற்கிறார்கள். பொறுப்பாளராகச் சேர விரும்புவோர் தங்கள் பெயரை அதே மேசையில் பதியலாம். நன்றி, வணக்கம்.