"நானு ஓயா"வுக்குப் போகச் சொன்னால் ரயில் ஏன் "நானு"வைத் தேடுகிறது?

[திரையில்: மூடுபனிக்குள் நிற்கும் ரயில். மேலே கறுப்புப் பெட்டியில் ஒரு வரி: போ நானு ஓயா]

இந்த ஒற்றை வரி என் இரண்டு இரவுத் தூக்கத்தைத் தின்றுவிட்டது.

இலங்கை மலையகத்தின் பதுளைப் பாதையில் ரயில் ஓட்டும் சிறிய விளையாட்டு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். சோதித்துப் பார்க்க ஒவ்வொரு முறையும் கண்டியிலிருந்து ஏறி வர முடியுமா? அதற்காக ஒரு கன்சோல், அதாவது விளையாட்டுக்குள்ளேயே கட்டளை அடிக்கும் பெட்டி, வைத்தேன். "போ ஹட்டன்" என்றேன், போனது. "போ தலவாக்கலை", போனது. "போ நானு ஓயா" என்றதும், "நானு என்றொரு நிலையம் இல்லை" என்று பதில் வந்தது.

வரலாறு வேண்டுமா? 1996இல் வந்த குவேக் விளையாட்டில் எஸ்கேப் விசைக்குக் கீழுள்ள விசையைத் தட்டினால் கன்சோல் இறங்கி வரும். நோகிளிப் என்று அடித்தால் சுவருக்குள் நடக்கலாம். வரலாறு முடிந்தது.

[திரையில்: விடியற்காலைப் பெரட்டுக் களம்]

தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தைப் பார்த்தவர்களுக்குக் கன்சோலைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. "கவ்வாத்து, ஆறாம் நம்பர் மலை" என்கிறார் கணக்கப்பிள்ளை. முதற்சொல் எந்த வேலை என்று சொல்கிறது: தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை. அடுத்தது எங்கே என்று சொல்கிறது. கன்சோலிலும் அடித்த வரியை இடைவெளியில் வெட்டினால், முதல் துண்டு கட்டளை, மிச்சமெல்லாம் அதற்கான விவரங்கள். கட்டளைப் பெயரைப் பட்டியலில் தேடி, அதற்குரிய ஃபங்ஷனை அழைக்கிறோம். மலை நம்பரைச் சொல்லாமல் "கவ்வாத்து" என்று மட்டும் சொன்னால், கத்தியோடு நிற்பவர்கள் "எந்த மலைங்க ஐயா?" என்று கேட்பார்கள். என் முதல் நிரல் கேட்கவில்லை. இல்லாத இரண்டாம் துண்டை எடுக்கப் போய் அப்படியே விழுந்து செத்தது. பெரட்டில் நிற்பவர்களுக்கு இருக்கும் புத்தி என் நிரலுக்கு இல்லை!

இனி நானு ஓயா. இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டினேன், ஊர் இரண்டாகிவிட்டது. இதற்கு மருந்து மேற்கோள் குறி. வரியை எழுத்தெழுத்தாக நடந்து போங்கள். கையில் ஒரே ஒரு குறிப்பு போதும்: இப்போது மேற்கோளுக்குள் இருக்கிறேனா, வெளியே இருக்கிறேனா? மேற்கோள் குறி வந்தால் அந்தக் குறிப்பை மாற்றுங்கள். வெளியே இருக்கும்போது இடைவெளி வந்தால் வெட்டுங்கள். உள்ளே வந்தால் அதையும் ஓர் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் இரண்டு இடைவெளி தட்டினால் வெற்றுத் துண்டு பிறக்கும்; அதைத் தூக்கி எறியுங்கள்.

எண்கள்? ஒரு வார்த்தை மட்டும். எழுத்தை எண்ணாக்கும் சி மொழியின் பழைய ஃபங்ஷனான ஏடோஐ, தொடக்கத்திலேயே புரியாத எழுத்தைக் கண்டால் சத்தமில்லாமல் பூச்சியம் தரும். "வேகம் முப்பது" என்று எழுத்தாலேயே அடித்தேன். ரயில் நடுப்பாதையில் நின்றுவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இனித்தான் வருகிறது. மேற்கோளெல்லாம் சரியாகப் போட்டு, போ "கொழும்பு கோட்டை" என்று அடித்தேன். இல்லை என்றது. பட்டியலில் அதே பெயர் கண்முன்னே இருக்கிறது! காரணம் "கொ". கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. "கோ"வும் அப்படியே. ஒரே பெயரில் இரண்டு கண்ணிவெடி! அடித்த வரியையும் பட்டியலையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும். என்எஃப்சி என்ற இயல்பாக்கம் அதைச் செய்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் கட்டளை எழுதுபவர்களுக்கு இந்தச் சுகம் கிடைக்காது.

ஒன்றை உங்களிடம் விடுகிறேன். மேற்கோளைத் திறந்துவிட்டு மூடாமல் என்டர் தட்டினால்? குவேக், வரி முடிந்த இடத்தையே மூடலாக எடுத்துக்கொள்கிறது. என் கன்சோல் திட்டித் திருப்பி அனுப்புகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கீழே எழுதுங்கள், நான் ஓஹியாவில் இறங்குகிறேன்.