ஜிப்பைத் திறக்கத் தெரியாத கத்தரி

வணக்கம் மக்களே. வழக்கம்போல பெங்களூரு அல்சூர் வீட்டு மொட்டை மாடியிலிருந்துதான் பேசுகிறேன். கீழே குக்கர் விசில் அடித்தால் கண்டுகொள்ளாதீர்கள், உங்களுக்குப் பழகியிருக்கும்.

இன்று கொஞ்சம் கோபமாக இருக்கிறேன். மூன்று நாட்களாக ஒரே ஒரு நிமிட வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்புகிறார்கள். 'கிரிஸ்பர் காலி, இனி ஆர்கோநாட்தான்' என்று ஒருவர் மேசையைத் தட்டி முழங்குகிறார். டி.என்.ஏ.வை வெட்டி மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையைத்தான் சொல்கிறார். ஆர்கோநாட் புரதம் எனக்கு எவ்வளவு செல்லம் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எரிச்சலே. செல்லப் பிள்ளையை இல்லாததைச் சொல்லிப் புகழ்ந்தால், நாளைக்கு அடி வாங்கப்போவது பிள்ளைதானே?

புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் உடலிலேயே இந்தப் புரதம் இருக்கிறது. ஒரு சிறு ஆர்.என்.ஏ. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் செய்யச் சொல்லி மரபணு அனுப்பும் நகலை, பிடித்து அதன் வாயை அடைக்கும். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாட்டிசிரான் மருந்து இந்த வேலையை நம்பித்தான் ஓடுகிறது. பாக்டீரியாக்களிலும் இதன் உறவினர்கள் உண்டு. அவற்றில் சில டி.என்.ஏ. துண்டை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு டி.என்.ஏ.வையே வெட்டுகின்றன. கிரிஸ்பரின் கத்தரியான கேஸ்9 புரதம் போல 'வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் டி.என்.ஏ.வின் ஜி எழுத்து இரண்டு இருக்கிறதா' என்று இவை கேட்பதில்லை. எனக்குப் பிடித்ததே இந்தப் பெருந்தன்மைதான்.

சிக்கல் எங்கே? அதைக் காட்டத்தான் இந்த ஜிப்.

இதை வாங்கிய கதையைச் சொல்லாமல் விடமாட்டேன். எங்கள் தெருமுனைக் கடையில் 70 ரூபாய் என்றார்கள். ஒரு ஜிப்புக்கு 70 ரூபாயா! மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி சிக்பேட்டைக்குப் போய், நான்கு கடை ஏறி இறங்கி, 45 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். மெட்ரோவுக்கு எவ்வளவு ஆனது என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு இங்கேயும் பதில் சொல்லப்போவதில்லை.

இப்போது பாருங்கள். மூடிய ஜிப்தான் இரட்டைச் சுருள் டி.என்.ஏ. வழிகாட்டி இழை போய்ச் சேர வேண்டிய பற்கள் ஏற்கெனவே எதிர்ப்பக்கப் பற்களோடு கோத்துக் கிடக்கின்றன. கேஸ்9 தானே ஜிப்பைத் திறந்துகொள்ளும். ஆர்கோநாட்டிடம் கத்தரியும் முகவரியும் இருக்கின்றன, திறக்கத்தான் தெரியாது. வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் தெர்மோபிலஸ் பாக்டீரியாவின் புரதம் டி.என்.ஏ.வை வெட்டுகிறது என்று 2014இல் காட்டினார்கள். ஆனால் 75 டிகிரிச் சூட்டில்! அந்தச் சூட்டில் இழைகள் ஆங்காங்கே தாமாகவே விலகிக்கொடுக்கும். நேற்று சமையல் தெர்மோமீட்டரை விட்டுப் பார்த்தேன், அம்மா ஆற்றித் தந்த காப்பியே 68தான். அந்தக் காப்பியில் மனித செல் பிழைக்குமா, சொல்லுங்கள்.

இந்த முழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. 2016 மே மாதம் சீன ஆய்வுக்குழு ஒன்று, உப்பை விரும்பும் நுண்ணுயிரின் ஆர்கோநாட் மனித செல்லில் மரபணுவைத் திருத்தியது என்று எழுதியது. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தன, வரவில்லை. 2017 ஆகஸ்டில் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நானும் ஒரு பழைய வீடியோவில் அதற்காகத் துள்ளிக் குதித்திருக்கிறேன். அதை இன்னும் அழிக்கவில்லை, போய்ச் சிரித்துக்கொள்ளுங்கள்.

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். 2019இல் கிளாஸ்டிரிடியம் பியூட்டிரிகம் பாக்டீரியாவின் ஆர்கோநாட் 37 டிகிரியிலேயே வெட்டுவதைக் காட்டினார்கள். சூடு பிரச்சினை போயிற்று, ஜிப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. இழை பிரிக்கும் நொதியைத் துணைக்குச் சேர்த்துப் பார்க்கிறார்கள். இன்னொரு வழி, பெப்டைட் நியூக்ளிக் அமிலம் என்ற செயற்கை இழையை நுழைத்து டி.என்.ஏ.வைப் பிளந்து பிடித்துக்கொள்வது. நேற்று இரவு ஜிப்பைப் பாதி திறந்து, நடுவில் ஓர் ஊக்கைக் குத்தி நிறுத்தினேன். இதோ, மூடவே மாட்டேன் என்கிறது! பதினோரு மணிக்குத் தனியாகக் கைதட்டிக்கொண்டேன்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். ஓர் ஆர்கோநாட் ஓர் இழையைத்தான் வெட்டும். இரண்டையும் வெட்ட, எதிரெதிரே இரண்டு வழிகாட்டிகளோடு இரண்டு புரதங்கள் வேண்டும். அதனால் ஜிப்பின் இரண்டு பக்கத்தையும் வெட்டித்தான் காட்ட வேண்டும். வெட்டுகிறேன், பாருங்கள்… ஒன்று… இரண்டு.

அம்மா படியேறி வரும் சத்தம் கேட்கிறது. தலையணை உறைக்கு இந்த ஜிப்பைக் கேட்டிருந்தார். மறுபடியும் சிக்பேட்டை போக வேண்டும், கேமராவை அணைக்கிறேன்.