ஜெபக்குறிப்புல அந்த வியாதிய வாசிக்காதீங்க: எச்ஐவி உள்ளவங்களும் நம்ம சபையும்

எல்லாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம். இன்னைக்கு வீடியோவ பாதியில நிறுத்திட்டு போயிராதீங்க, ஏன்னா நம்ம திருநெல்வேலி பக்கத்து சபைகள்ல மைக் முன்னாடி யாரும் பேசாத விஷயம் இது. எச்ஐவி உள்ள ஒருத்தர் நம்ம சபையில இருந்தா நாம என்ன செய்யணும்? இருந்தா என்ன இருந்தா, இருக்காங்க. நமக்கு தெரியல, அவ்வளவுதான்.

நடந்தத சொல்லுதேன். எனக்கு தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க, பேரும் ஊரும் வேண்டாம். வீட்டுக்காரர் இறந்த பிறகுதான் டெஸ்ட் எடுத்தாங்க, பாசிட்டிவ்னு வந்துச்சு. மாசக்கணக்கா யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டு, தாங்க முடியாம சபையில ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லி எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு கேட்டாங்க. அடுத்த ஜெபக்கூட்டத்துல குறிப்பு வாசிக்கும்போது, புருஷன இழந்து பெரிய வியாதியில இருக்கிற நம்ம சகோதரிக்காகன்னு வாசிச்சிட்டாங்க. பேரு சொல்லல. சின்ன ஊர்ல அதுக்கு மேல பேரு வேற சொல்லணுமா? மறுநாள் குழாயடியில அதான் பேச்சு. வாசிச்சவர் மனசுல ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது, பாரத்தோடதான் வாசிச்சார், எனக்கு அதுதான் இன்னும் ஆறல.

அந்த வருஷம் அசனத்துக்கு, அதான் சபையில எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற விருந்துக்கு, முந்தின ராத்திரி, பொம்பளைங்க எல்லாரும் கோயில் பின்னால உக்காந்து காய் வெட்டுவாங்கல்லா, அந்த அக்காவும் வழக்கம்போல போய் அரிவாமணைய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. பக்கத்துல இருந்தவங்க அத மெதுவா தன் பக்கம் இழுத்துக்கிட்டு, "நீ சும்மா இரு தாயி, நாங்க பாத்துக்கிடுதோம்"னு சொன்னாங்க. குரல்ல பாசம்தான். அக்கா கொஞ்ச நேரம் கைய மடியில வச்சு உக்காந்திருந்துட்டு எழுந்து வீட்டுக்கு போயிட்டாங்க. அதுக்கு பிறகு ரெண்டு வருஷம் கோயில் பக்கமே வரல.

இப்ப மருத்துவத்துக்கு வருவோம். எச்ஐவி பரவுறது பாதுகாப்பில்லாத உடலுறவு, ரத்தம், ஒரே ஊசிய பலபேர் போடுறது, அப்புறம் தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு, இதுல தாய்ப்பாலும் சேரும். இவ்வளவுதான். அவங்க வெட்டின காயில, சமைச்ச சோத்துல, ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுறதுல வராது. எச்சில்லயும் வராது, அதனால திருவிருந்துல ஒரே பாத்திரத்துல குடிக்கிறத நினைச்சு பயப்பட வேண்டாம். கடைசி ஆளா நிறுத்தி கொடுக்கிறது, தனியா ஒரு கப் வைக்கிறது, இதெல்லாம் அந்த ஆளோட நெத்தியில எழுதி ஒட்டுற மாதிரி, தயவுசெஞ்சு செய்யாதீங்க.

இந்தியாவுல எச்ஐவி முதல்ல தெரிய வந்ததே நம்ம சென்னையிலதான், 1986ல, டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் சேர்ந்து செஞ்ச பரிசோதனையில. அப்ப மருந்து கிடையாது. 2004 ஏப்ரல்ல இருந்து அரசாங்கமே எச்ஐவிய அடக்கி வைக்கிற ஏஆர்டி கூட்டு மருந்த இலவசமா கொடுக்குது. இன்னைக்கு நிறைய பேருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. நம்ம பக்கத்துக்கு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரியில ஏஆர்டி மையம் இருக்கு, டெஸ்ட் எடுக்கவும் கவுன்சலிங்குக்கும் அரசு ஆஸ்பத்திரிகள்ல நம்பிக்கை மையம் இருக்கு. ஒழுங்கா மாத்திரை போட்டு ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு குறைஞ்சு அப்படியே நிலைச்சு நின்னா, உடலுறவு மூலமா அவங்ககிட்ட இருந்து இன்னொருத்தருக்கு பரவாது. கல்யாணம் பண்ணலாம், சரியான சிகிச்சையில எச்ஐவி இல்லாத பிள்ளையும் பெத்துக்கலாம். இத நம்ம பெண்கள் ஐக்கிய சங்கத்துல ஒரு டாக்டரோ நர்ஸோ வந்து ஒரு அரைமணி நேரம் பேசினா எவ்வளவு நல்லா இருக்கும்.

இங்க ரொம்ப முக்கியமான ஒண்ணு. விசுவாசம் இருந்தா மாத்திரைய நிறுத்துன்னு யாராவது சொன்னா, அது ஊழியக்காரரா இருந்தாலும் சரி, கேக்காதீங்க. நிறுத்தினா வைரஸ் மறுபடி ஏறும், விட்டு விட்டு போட்டா அந்த மருந்துக்கே அடங்காம போயிரலாம், உயிரே போகும். பைபிள்ல எசேக்கியா ராஜாவுக்கு ஏசாயா தீர்க்கன் மூலமா கர்த்தர் சுகம் கொடுத்தப்ப அத்திப்பழத்து அடைய பிளவையில, அதான் கட்டியில, பத்துப் போடச் சொன்னாங்கல்லா, அங்க ஜெபமும் இருந்துச்சு மருந்தும் இருந்துச்சு. உபவாச ஜெபம் இருக்கிற நாள்லயும் மாத்திரை வேணும். இப்ப பெரும்பாலும் கொடுக்கிற டிஎல்டி மாத்திரைய சாப்பாடு இல்லாமலும் போடலாம், ஒரு வாய் தண்ணி போதும், இத ஐயரே, அதான் சபை போதகரே, சபையில பொதுவா சொல்லிட்டா, சர்க்கரை, பிரஷர் மாத்திரை போடுறவங்களும் டாக்டர கேட்டுக்கிடுங்கன்னு சேர்த்து சொல்லிட்டா, யாரையும் குறிச்சு சொன்ன மாதிரி இருக்காது.

அடுத்தது ரகசியம். 2017ல எச்ஐவி எய்ட்ஸ் சட்டம் வந்தாச்சு, 2018 செப்டம்பர் 10ல இருந்து நடைமுறையில இருக்கு. ஒருத்தர நம்பி சொன்னத அவங்க சம்மதம் இல்லாம வெளிய சொல்றது இந்த சட்டப்படி தப்பு, சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கவும் கூடாது. சட்டத்த விடுங்க, ஒருத்தர் அழுது சொன்னது நம்மகிட்டயே நிக்கணும். ஐயர்கிட்ட சொன்னா அவர் மனைவி ஐயரம்மாவுக்கு கூட போகக் கூடாது, அவங்களா சரின்னு சொன்னா ஒழிய. ஜெபிக்கணுமா, வியாதிய விட்டுருங்க, "தேவைகளோட இருக்கிறவங்களுக்காக"ன்னு சொல்லுங்க, கர்த்தருக்கு விவரம் தெரியும்.

யார் மூலமா வந்துச்சுன்னும் கேக்காதீங்க. பிறவிக்குருடன பாத்து யார் செய்த பாவம்னு சீஷர்கள் கேட்டப்ப, இவனும் செய்யல, இவன பெத்தவங்களும் செய்யலன்னு இயேசு சொன்னது நம்ம சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கே தெரியும்.

கையில செய்யக்கூடியது நிறைய இருக்கு. மாத்திரை வாங்கப் போற அன்னைக்கு கூலி வேலை போயிரும், அந்த நாள் சம்பளத்தையும் பஸ் செலவையும் சபை நிதியில இருந்து யாருக்கும் தெரியாம கவர்ல கொடுக்கலாம். துணைக்கு ஒருத்தர் போகலாம். பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ். சாவு வீட்டுல எச்ஐவி இருந்தவர்னு ஒதுக்காம முறைப்படி அடக்க ஆராதனை. 1890கள்லயே பாளையங்கோட்டையில பார்வை இல்லாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் தொடங்கின மண்ணு இது, இத செய்ய நமக்கு யாரும் புதுசா கத்துக்கொடுக்க வேண்டாம். சந்தேகம் இருக்கிறவங்க 1097க்கு கூப்பிடுங்க, இலவசம், தமிழ்லயே பேசலாம்.

அந்த அக்கா இப்ப வாராங்க. ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தான, சபைக்கு புதுசா வந்த ஐயரம்மா காதுக்கும் வந்திருந்துச்சு, ஆனா அத பத்தி ஒரு வார்த்தை கேக்காம நாலு தடவ வீட்டுக்கு போய் டீ குடிச்சிட்டு வந்தாங்க. போன அசனத்துக்கு முந்தின ராத்திரி கத்தரிக்கா குவியல் முன்னாடி பக்கத்துல இடம் போட்டு, அரிவாமணைய அவங்க பக்கமா தள்ளி விட்டாங்க. அக்கா வெட்ட ஆரம்பிச்சாங்க. ஒம்பது மணிக்கு ஃபோன்ல அலாரம் அடிச்சுது. கைய முந்தானையில தொடச்சுக்கிட்டு எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்தாங்க, யாரும் எங்க போனன்னு கேக்கல, ஐயரம்மா அவங்க இடத்துல யாரும் உக்காராம காலை நீட்டி வச்சிருந்தாங்க.